மாமன்மார் தலையும் மைதீன் பாயின் மரஸ்கேலும்

போன மாதம் தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். 'வெக்டர் வரைகலை: அடிப்படைக் கருவிகள்' என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறவள்தானே, வந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பார்கள். நான் முதல் கருவியான அம்புக்குறியில் ஆரம்பித்தேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்க, நகர்த்த, பெரிதாக்க, சிறிதாக்க, எல்லாவற்றுக்கும் அந்த அம்புக்குறிதான். பெரிதாக்குவது என்று சொன்னதும் ஒரு ஏட்டய்யாவின் தலை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவர் தலையைச் சொன்னால் அவர் தம்பி தலையையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் தம்பி கோபித்துக்கொள்வார். நேரம் முடிந்தபோது நான் அம்புக்குறியைத் தாண்டவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். சென்டர் நடத்துகிறவர் சிரிக்கவில்லை. "மேடம், மிச்சத்த எழுதிக் குடுத்திருங்க. நோட்ஸா போட்டுக்கிடுதோம்" என்றார்.

இதோ எழுதிவிட்டேன். இது நோட்ஸுக்கு ஆகுமா ஆகாதா என்பது அவர் பாடு.

என் பெயர் காந்திமதி. நான் வேலை கற்றுக்கொண்ட கதையில் ஒரு சுவாரசியமும் இல்லை. டைப்ரைட்டிங் படித்தேன், படித்து முடிக்கும்போது அந்த வேலையே இல்லாமல் போயிற்று. டி.டி.பி. படித்து கல்யாணப் பத்திரிகை அடித்தேன். அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது. தென்காசி ரத வீதிப் பக்கம் மைதீன் பாய் ஒரு ஃப்ளெக்ஸ் கடை போட்டார், நான் அங்கே டிசைனர் ஆனேன். கழுத்து வலி வந்து டாக்டர் எழுந்திரு என்று சொல்லும்வரை அந்த நாற்காலியில்தான் இருந்தேன்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், இது தெரியாவிட்டால் பின்னால் வருவது புரியாது. ஃபோட்டோ என்பது சின்னச் சின்னக் கட்டங்கள். அதை இருபது அடிக்கு இழுத்தால் கட்டம் கட்டமாக உதிர்ந்து, மாப்பிள்ளை முகம் பாத்ரூம் டைல்ஸ் மாதிரி ஆகிவிடும். வெக்டர் அப்படி இல்லை. புள்ளி எங்கே இருக்கிறது, அங்கிருந்து கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்பதை மட்டும் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்கிறது. சுண்டுவிரல் நகத்தளவு வரைந்ததை மலையளவு பெரிதாக்கினாலும் ஓரம் சுத்தமாக இருக்கும். சின்னதிலும் பெரியதிலும் அதே வளைவுதான்.

மைதீன் பாய் அதற்கு முன்னால் போர்டு எழுதுகிறவராக இருந்தவர். உரக்கடை, டெய்லர் கடை, லாரியின் பின்பக்கம் என்று ஊரில் பாதி எழுத்து அவர் கை. ஃப்ளெக்ஸ் வந்ததும் ஒரு பெருமூச்சுகூட விடாமல் பிரஷ்களைக் கழுவிப் பரண்மேல் போட்டுவிட்டு மெஷின் வாங்கினார். ஆனால் போர்டு எழுதிய காலத்து மரஸ்கேலை மட்டும் பரணில் போடவில்லை. மவுஸைத் தொடவே மாட்டார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, தோளுக்கு மேலாக அந்த மரஸ்கேலை நீட்டி, மானிட்டர் கண்ணாடி மேலேயே வைத்து அளப்பார்.

"தல மூணு இஞ்சுதான் இருக்கு. காணாது. நாலாக்கு."

திரையில் மூன்று இஞ்ச் என்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. மவுஸில் உள்ள ஜூம் சக்கரத்தை உருட்டினால் அதே தலை அடியளவும் ஆகும், மிளகளவும் ஆகும். ஃப்ளெக்ஸில் அது இருக்கிற அளவில்தான் இருக்கும். கண்ணாடி போட்டுப் பார்க்கிற மாதிரிதான் பாய் இது, பொருள் வளராது என்று எவ்வளவோ விளக்கினேன். முழுக்கக் கேட்டார். "அப்பம் நீ எதுக்கு உருட்டுத? உருட்டாம வை" என்றார். அதற்குப் பிறகு எங்கள் கடையில் அது சட்டமாயிற்று. பாய் ஸ்கேலைக் கையில் எடுத்தால் சக்கரத்தை யாரும் தொடக் கூடாது. லைட் பில் கேட்டு வருகிறவர்கூட அந்த நேரத்தில் வாசலிலேயே நின்றுவிடுவார்.

ஆனால் வாடிக்கையாளர் வந்து "எம்படத்த இன்னும் கொஞ்சம் பெருசாக்கும்மா" என்றால் அதே பாய் என் தோளை ஸ்கேலால் ஒரு தட்டு தட்டுவார். நான் சக்கரத்தை உருட்டுவேன். படம் பெரிதாகும். "இப்பம் எடுப்பா இருக்கு" என்று சந்தோஷமாகப் போவார்கள். ஃப்ளெக்ஸ் கட்டிய பிறகு ஒருவரும் திரும்பி வந்து கேட்டதில்லை. கம்பத்தில் ஏற்றிவிட்டால் எல்லாத் தலையும் அவரவருக்குப் பெரிதாகத்தான் தெரியும் போலிருக்கிறது.

அடுத்தது பென் டூலும் ஷேப் டூலும். பென் டூல் புள்ளி வைத்துக் கோடு இழுக்க. ஷேப் டூல் வைத்த புள்ளியை நகர்த்த, வளைக்க, எடுக்க. இது இரண்டையும் எனக்குப் புரியவைத்தது குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஒரு முதலாளி. சீசனுக்கு முன்னால் போர்டு வைக்க வேண்டும், அதில் அருவி இருக்க வேண்டும் என்று வந்தார். அவர் கொண்டுவந்த ஃபோட்டோ கோடையில் எடுத்தது. பாறையில் ஒரு ஈரக்கோடு மட்டும் இருந்தது.

"தண்ணிய நீங்க வரைஞ்சிருங்க" என்றார்.

வரைந்தேன். தத்ரூபமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு தாரைக்கும் எண்ண முடியாத அளவு புள்ளி வைத்தேன். வந்தது அருவி இல்லை, தலைகீழாக மாட்டிய விளக்குமாறு. பாய் வந்து பார்த்தார். ஸ்கேலை வைத்து அளக்கவில்லை. புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இங்கன தண்ணி திரும்புதா?"

"இல்ல பாய்."

"இங்கன?"

"இல்ல."

"திரும்பாத எடத்துல உனக்கு என்ன சோலி? எடு அத."

எடுத்தேன். தண்ணீர் திரும்புகிற இடத்தில் மட்டும் புள்ளி நின்றது. கோடு தானாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. முப்பது வருட வேலையில் எனக்கு யாரும் சொன்ன உருப்படியான ஒரே பாடம் அதுதான். மவுஸைத் தொடாத மனிதர் சொன்னது.

லாட்ஜ்காரருக்கு அது போதவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னுங்கொஞ்சம் விடுங்க… இன்னுங்கொஞ்சம்" என்று மடை திறக்கச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அருவி அவர் லாட்ஜ் கட்டடத்தின் மாடியிலிருந்தே விழுகிற மாதிரி ஆகிவிட்டது. அந்த சீசனில் துண்டும் சோப்புமாக லாட்ஜுக்குப் பின்பக்கம் அருவியைத் தேடிப் போனவர்கள் பலர். அங்கே இருந்தது தண்ணீர்த் தொட்டி. ஒரு குடும்பம் வந்ததற்கு அதிலேயே குளித்துவிட்டு, தண்ணீர் நல்ல குளிர்ச்சி என்று சொல்லிவிட்டுப் போனதாம்.

சரி, ஏட்டய்யாவின் தலைக்கு வருகிறேன்.

ஒரு நாள் குத்துக்கல்வலசையிலிருந்து செல்வி என்று ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். புருஷன் மிலிட்டரியில், எங்கோ பனிமலையில். பையனுக்குக் காதுகுத்து, ஃப்ளெக்ஸ் வேண்டும் என்றாள். இரண்டு ஃபோட்டோக்களை எடுத்து மேசைமேல் தள்ளித் தள்ளி வைத்தாள். இரண்டும் அவளுடைய அண்ணன்மார். மூத்தவர் சண்முகவேல், தென்காசியில் போலீஸ் ஏட்டு. அடுத்தவர் மாரிமுத்து, சுரண்டையில் உரக்கடை.

"ரெண்டு பேரும் ஒரே அளவுல இருக்கணும்க்கா. கொஞ்சங்கூட கூடக் கொறைய இருக்கக் கூடாது. அவுக பேசி மூணு வருஷம் ஆச்சு" என்றாள்.

என்ன சண்டை என்று கேட்டேன். சொத்துத் தகராறாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, ஃப்ளெக்ஸ் தகராறு. செல்வி கல்யாணத்துக்கு வேறொரு கடையில் ஃப்ளெக்ஸ் போட்டிருக்கிறார்கள். ஃப்ளெக்ஸை மரச்சட்டத்தில் அடிக்கும்போது ஓரத்தைப் பின்பக்கம் மடித்துத்தான் ஆணி அடிக்க வேண்டும். அதற்கு நாலு பக்கமும் வெற்று இடம் விடாமல் டிசைன் செய்கிறவனை என்ன சொல்வது? மாரிமுத்துவின் முகம் சரியாக அந்த ஓரத்தில் இருந்திருக்கிறது. பாதி முகம் சட்டத்துக்குப் பின்னால் போய்விட்டது. ஒரு கண்ணும் அரை மீசையும்தான் வெளியே. மண்டபத்துக்கு வந்தவர்கள் எல்லாம், "மாரிமுத்து எதுக்கு ஒளிஞ்சு பாக்குதான்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஃப்ளெக்ஸுக்கு ஏற்பாடு செய்தவர் ஏட்டய்யா. நடுவில் அவர் முகம் பூரணச் சந்திரனாக இருந்தது. வேண்டுமென்றே செய்தான் என்று தம்பி சொல்ல, ஆமாம், ஆணியையும் நான்தான் அடித்தேன் என்று அண்ணன் சொல்ல, அன்றோடு பேச்சு நின்றுவிட்டது.

"அப்பா அம்மா இல்லக்கா. இவுக ரெண்டு பேருந்தான் எனக்குப் பொறந்த வீடு. ஒருத்தர் வந்து ஒருத்தர் வராம போனா, எம்பிள்ளைய எந்த மடியில வச்சாலும் மனசு ஆறாது" என்றாள். அதைச் சொல்லும்போது அழவில்லை. குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

மைதீன் பாய் ஸ்கேலை எடுத்தார்.

முதல் கேள்வியே பெரிய கேள்வி. தலை என்பது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? ஏட்டய்யா படத்தில் போலீஸ் தொப்பியோடு இருந்தார். தம்பிக்கு முன்பக்கம் முடி ஏறியிருந்தது. தாடையிலிருந்து உச்சிவரை அளந்தால் தொப்பியும் சேர்கிறது, அதற்கேற்பக் குறைத்தால் ஏட்டய்யாவின் முகம் சுண்டிப்போகிறது. மாதிரி ஒன்றை இருவருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினோம். சுரண்டையிலிருந்து குரல் வந்தது: "தொப்பி அரசாங்கத்துக்குள்ளது. அது எப்படி தலையில சேரும்?" மாலையில் ஏட்டய்யா யூனிஃபார்மோடு கடைக்கே வந்துவிட்டார். "இத்தன வருஷ சர்வீஸ்ல எந்த ஆபீஸரும் எந்தொப்பியக் கழத்தச் சொன்னதில்ல. ஒரம் விக்கிறவன் சொல்லுதானா?" என்றார்.

பாய் இரண்டு நாள் யோசித்து ஒரு விதி கண்டுபிடித்தார். தொப்பி வேண்டாம், முடி வேண்டாம், தாடை வேண்டாம். ஒரு கண்மணியிலிருந்து மறு கண்மணி வரை அளக்க வேண்டும். "கண்ணுக்குக் கண்ணு. அதுல எவனும் ஏமாத்த முடியாது" என்றார். எனக்கும் நியாயமாகவே பட்டது. ஸ்கேலைக் கண்ணாடிமேல் வைத்துப் பிடித்துக்கொண்டார், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவர் கண்ணையும் சமமாக்கினேன். பிறகு விலகி நின்று பார்த்தோம். ஏட்டய்யா ஃபோட்டோவில் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக் கம்பீரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித் திரும்பினால் கண்ணுக்குக் கண் தூரம் குறையத்தானே செய்யும். அதைத் தம்பியின் கண்ணுக்குச் சமமாக்கியதில் ஏட்டய்யாவின் தலை பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்க் அளவுக்கு எழுந்து நின்றது. அதன் நிழலில் தம்பி.

"நல்லா இருக்கு. இதயே போடுங்க" என்று ஏட்டய்யா ஒப்புதல் கொடுத்துவிட்டார். மாரிமுத்து சுரண்டையிலிருந்து பஸ் ஏறி வந்தார், சட்டைப்பையில் மூட்டை தைக்கிற நூலோடு. நூலை என் மானிட்டர்மேல் வைத்து அண்ணனுடைய தாடையிலிருந்து புருவம்வரை பிடித்தார், முடிச்சுப் போட்டார். தன் முகத்துக்குப் பிடித்தார், இன்னொரு முடிச்சு. இரண்டு முடிச்சுக்கும் நடுவில் இருந்த நூலைப் பாயிடம் காட்டினார். "இதுக்கு என்னவே பதில் சொல்லுதீரு?"

பாய் மரஸ்கேலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எங்கள் கடையில் மானிட்டரை அளக்க இன்னொரு ஆள் வந்ததில் அவருக்கு அதிர்ச்சி வேறு.

அடுத்து அலைன். ஒன்றையொன்று நேராக நிறுத்துகிற கருவி. மேல் ஓரத்தை நேராக்கினேன். தொப்பியின் உச்சியும் தம்பியின் தலைமுடியும் ஒரே கோட்டில் வந்தன, முகம் மட்டும் ஏட்டய்யாவுக்கு ஒரு படி கீழே இறங்கிவிட்டது. "என்னைய எதுக்கும்மா அவன் தோளுக்கு எறக்குன?" என்றார். கீழ் ஓரத்தை நேராக்கினால் தம்பி கீழே போனார். குரூப் செய்து வைத்தால் ஒன்றை நகர்த்தும்போது இன்னொன்றும் சேர்ந்தே நகரும், அளவு மாறாது என்று நான் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஏட்டய்யா காதில் விழுந்துவிட்டது. "அவன் இருக்க குரூப்புல நான் இருக்க மாட்டேன்" என்று எழுந்துவிட்டார். குடும்ப வாட்ஸப் குரூப்பிலிருந்து இருவரும் என்றைக்கோ வெளியேறிவிட்டார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இப்போது அதில் செல்வி மட்டும் இருக்கிறாள். தினமும் குழந்தை படத்தைப் போட்டு அவளே பார்த்துக்கொள்கிறாள்.

இதெல்லாம் தீர்ந்தாலும் இடது வலது இருந்தது. இடது பக்கம் இருப்பவர்தான் முதல் ஆள். பாய் ஒரு வழி சொன்னார். இரண்டு ஃப்ளெக்ஸ் அடித்து முதுகோடு முதுகாகக் கட்டிவிடலாம். தென்காசியிலிருந்து வருகிற பக்கம் ஏட்டய்யா முதலில், சுரண்டையிலிருந்து வருகிற பக்கம் தம்பி முதலில். அவரவர் வருகிற வழியில் அவரவர் பெரியவர். எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ஏட்டய்யாவின் மாமனார் வீடு சுரண்டையில். "எம்மச்சினமாரு பூரா அந்தப் பக்கமால்லா வருவானுவ!" என்றார். அதுவும் போயிற்று.

காதுகுத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. செல்வி மறுபடி வந்தாள். வெளியே சாரல், குழந்தையை முந்தானையால் மூடியிருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும், "ஃப்ளெக்ஸே வேண்டாம்க்கா" என்றாள். பாய்தான் தலையை ஆட்டினார். "போடலன்னா அது அவன் சொல்லித்தான் போடலன்னு இவன் சொல்லுவான். போட்டுத்தான் ஆவணும்." அவர் சொன்னது உண்மை. எங்கள் பக்கம் ஃப்ளெக்ஸ் இல்லாத விசேஷம் என்றால் அதற்கு ஒரு காரணம் கேட்பார்கள்.

குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டது. அதன் காது என் பக்கம் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது மடலின் மேல் வளைவில் ஒரு சின்ன மடிப்பு, துணியை அவசரமாக மடித்த மாதிரி. அந்த மடிப்பை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. பார்த்திருந்தேன்தான். பின்னணியை வெட்டி எடுப்பதற்காக ஏட்டய்யாவின் முகத்தைச் சுற்றிப் புள்ளி வைக்கும்போதும் அங்கே கோடு திரும்பியது. தம்பி முகத்துக்கு வைக்கும்போதும் அதே இடத்தில் திரும்பியது.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் இந்தக் காதுதான்க்கா. எங்கப்பா காது" என்றாள் செல்வி, தன் முடியை ஒதுக்கிக் காட்டி.

பாய் ஸ்கேலைக் கீழே வைத்தார். "காதுகுத்துக்குத் தலை எதுக்கு? காதப் போடு" என்றார்.

அவர்களிடம் காதை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லவா என்று கேட்டேன். "அடப் போ புள்ள. யாரு காது பெருசுன்னு அதுக்கொரு பஞ்சாயத்து வரும். பிள்ள காது போதும்."

தூங்குகிற பிள்ளையின் காதைச் செல்வியே தன் செல்ஃபோனில் எடுத்தாள். நான் அதன்மேல் பென் டூலால் வரைந்தேன். திரும்புகிற இடத்தில் மட்டும் புள்ளி. அந்த மடிப்பில் ஒன்று. பிறகு ஒரு காப்பி எடுத்துப் பெரிதாக்கி இடது பக்கம் வைத்தேன். அதற்கு ஒரு காப்பி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி வலது பக்கம். பெரிய காது இரண்டும் ஒன்றிலிருந்து பிறந்தவை, அளக்க ஒன்றுமே இல்லை. நடுவில் சின்னக் காது, அதில் ஒரு பொன் வளையம். மாமன்மார் பெயரை வரிசையாக எழுதினால் மறுபடி யார் முதல் என்று வருமே? எழுத்தை ஒரு கோட்டின்மேல் ஓடவிடுகிற கருவி ஒன்று உண்டு. சண்முகவேல் மாரிமுத்து சண்முகவேல் மாரிமுத்து என்று இரண்டு பெயரையும் வளையத்தைச் சுற்றி ஓடவிட்டேன். எங்கே தொடங்குகிறது என்று நானே மறந்துவிட்டேன்.

மாதிரியை அனுப்பினோம். பிறகு இரண்டு பேரும் தனித்தனியே ஒரே பதிலை அனுப்பினார்கள்: "இடது பக்கம் என் காதுதானே?" பாய், "அவியவியளுக்குத் தெரியாதா அவியவிய காது?" என்று இருவருக்கும் அனுப்பச் சொன்னார்.

விசேஷத்துக்குப் பாயும் நானும் போனோம். ஃப்ளெக்ஸைப் பாயே நின்று அடித்தார், நாலு பக்கமும் தாராளமாக வெற்று இடம் விட்டு. செல்வி வீட்டு முன்னால் இருபது அடியில் மூன்று காதுகள். பஸ்ஸில் போனவர்கள் காது டாக்டர் வந்திருக்கிறார் என்று நினைத்து இறங்கினார்கள். இரண்டு பேர் காது வலி என்று வந்து வரிசையில் உட்கார்ந்து, பந்தியில் சாப்பிட்டுவிட்டும் போனார்கள்.

அண்ணனும் தம்பியும் வந்திருந்தார்கள், அண்ணன் டியூட்டியிலிருந்து அப்படியே யூனிஃபார்மும் தொப்பியுமாக. பந்தலின் இந்தக் கடைசியில் ஒருவர், அந்தக் கடைசியில் ஒருவர். செல்வி இரண்டு பக்கமும் காபியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நடுவில் வந்து நின்றாள். காது குத்துகிற ஆசாரி ஊசியும் கம்மலும் எடுத்து வைத்துவிட்டு, "மாமன் யாரு? வந்து உக்காருங்க" என்றார். யாரும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து உறவுக்காரர் ஒருவர் சத்தமாகக் கேட்டார், "ஏட்டய்யா, இதுல ஒம்ம காது எது?"

"இடது பக்கம். அந்த மடிப்பப் பாத்தாலே தெரியலியா?"

"மடிப்பு எனக்குள்ளது" என்று அந்தக் கடைசியிலிருந்து மாரிமுத்து எழுந்தார். யாரிடம் என்று இல்லாமல் ஃப்ளெக்ஸைப் பார்த்துச் சொன்னார்.

"ஏலே, நான் பொறக்கும்போதே இந்த மடிப்போட பொறந்தவன்."

"நான் மட்டும் எறவலா வாங்கிட்டு வந்தனா?"

மூன்று வருடத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. இருவரும் ஃப்ளெக்ஸுக்குக் கீழே வந்து நின்று, தங்கள் காதைத் தொட்டுக் காட்டி, அண்ணாந்து பார்த்து மல்லுக்கு நின்றார்கள். ஏட்டய்யா கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "ஏம்மா, வரஞ்சவ நீதான? சொல்லு. யாரு காது?"

பாய் பின்னாலிருந்து என் சேலையை இழுத்தார். ஆனால் செல்வி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ரெண்டும் ஒங்க மருமவன் காதுங்க. அதத்தான் பெருசாக்கினேன்."

ஏட்டய்யா தொப்பியைக் கழற்றினார். ஆசாரியின் பக்கத்தில் செல்வியின் இடுப்பில் இருந்த பிள்ளையிடம் குனிந்து அதன் காதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தம்பியின் காதைப் பார்த்தார். தம்பியும் பார்த்தார்.

"இம்புட்டு வருஷமா பாக்கலியே, ஒனக்கும் இப்படித்தான இருக்கு" என்றார் ஏட்டய்யா.

"ஒனக்குந்தாண்ணே" என்றார் மாரிமுத்து.

அந்த 'ண்ணே'யைக் கேட்டதும் செல்விக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அம்மா அழுகிறதைப் பார்த்துப் பிள்ளையும் அழ, ஊசி படுவதற்கு முன்னாலேயே அழுகிற முதல் பிள்ளை இதுதான் என்று ஆசாரி சொன்னார். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க ஒன்றுமில்லை.

பிள்ளைக்குக் காது இரண்டு, மாமனும் இரண்டு. ஆளுக்கொரு காது என்று முடிவாயிற்று. உடனே எந்தக் காது முதலில், யார் மடி முதலில் என்று கூட்டத்தில் யாரோ கேட்டுத் தொலைத்தார்கள். பாய் என் காதில், "முடிஞ்சுது போ" என்றார். ஏட்டய்யா கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினார்.

"தம்பி மடியில மொதல்ல இருக்கட்டும். அன்னைக்கு அவன் மூஞ்சி பாதிதான் தெரிஞ்சுது. இன்னைக்கு முழுசாத் தெரியட்டும்."

மாரிமுத்து உட்கார்ந்தார். ஏட்டய்யா பக்கத்தில் நின்று பிள்ளையின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஏட்டய்யா கடைக்கு வந்தார். விசேஷத்தில் எடுத்த ஒரு ஃபோட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்ட வேண்டும் என்றார். திரையில் திறந்தேன். மாரிமுத்து மடியில் பிள்ளை. தம்பியின் முகம், சிரிப்பு, மீசை எல்லாம் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் ஏட்டய்யா. ஆனால் ஆசாரி குனிந்த நேரத்தில் எடுத்திருக்கிறார்கள். அவர் தலைப்பாகை குறுக்கே வந்து ஏட்டய்யாவின் முகத்தில் பாதியை மறைத்துவிட்டது. ஒரு கண்ணும் அரை மீசையும்தான் வெளியே.

"வேற படத்துல இருந்து ஒங்க முகத்த எடுத்து வச்சிருதேன். யாருக்கும் தெரியாது" என்றேன்.

ஏட்டய்யா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"கெடக்கட்டும்மா. தம்பி நல்லா தெரியுதான்லா" என்றார்.

அன்றைக்கு மைதீன் பாய் மரஸ்கேலை எடுக்கவே இல்லை.